பிரேக் ஓஸ் மாற்றச் சொல்லி வந்த கடிதம்

இசக்கிதுரையின் பெயரில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. அவருக்கோ சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் பின்னால், மிளகும் சுக்கும் அடுக்கிய கோடவுன்களை ஒட்டிப் போகிற சந்தில் பதினொரு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஆண்கள் மூட்டை தூக்கினார்கள். பெண்கள் சுக்கு பொறுக்கவும் இறால் உரிக்கவும் போனார்கள். எல்லோருடைய ஆதாரும் சங்கரன்கோவில், கழுகுமலை என்று ஊர் விலாசத்திலேயே கிடந்தது. மாற்றலாம் என்று போனால் வாடகைச் சீட்டு கேட்டார்கள். வீட்டுக்காரர் அதை மட்டும் தர மாட்டார். முப்பது வருடம் முந்தி வந்த இசக்கிதுரைக்கு மட்டும்தான் கொச்சி விலாசத்தில் ரேஷன் கார்டு. ஆகவே சந்தில் யார் வண்டி எடுத்தாலும், சிம் வாங்கினாலும், அவர் பெயரில்தான் எடுத்தார்கள். சந்தே அவரை விலாசக்காரர் என்று சொன்னது. அதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு.

மிதப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் யூனியன் ஆபீஸ் மாடியில் சாயங்காலம் நடந்த வகுப்பில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தவர் அவர். மலையாளத்தைப் பஸ் போர்டு பார்த்தே பிடித்துக்கொண்டார். தபால்காரர் சந்துக்குள் சைக்கிளைத் திருப்பினால் நேராக அவர் வாசலுக்குத்தான் வருவார். வந்த தபாலை இசக்கிதுரை கண்ணாடி போட்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பார். பிறகு உரியவன் வாசலுக்குப் போய், நாலு பேர் கேட்கும்படி விளக்கம் சொல்லிவிட்டு, காகிதத்தைத் தன் பிஸ்கட் டப்பாவிலேயே போட்டுக்கொள்வார். கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவார்களாம்.

அந்த விளக்கம்தான் நல்லசிவத்துக்கு ஒருநாள் பொறுக்காமல் போயிற்று.

நல்லசிவம் எதிர் வரிசை. முப்பத்தாறு வயது, வாட்டசாட்டமான ஆள். மனைவி மாயம்மாள் கும்பளங்கியில் ஒரு ஷெட்டில் இறால் உரித்தாள். அவளைக் காலையில் அங்கே கொண்டுபோய் விடுவதற்கென்றே ஆசையாக ஒரு வண்டி எடுத்திருந்தான், இசக்கிதுரை பெயரில்தான். போன வருடத் தொடக்கத்தில் புதிதாக எடுத்தது, சிவப்பு நிறம். எடுத்த நாளிலிருந்து ஒரே ஒரு குறைதான். முன்பிரேக் சில நேரம் பஞ்சு மாதிரி அமுங்கும். ஷோரூமுக்கு ரெண்டு தடவை போய்ச் சொன்னான். "புது மாடல் எல்லாம் இப்படித்தான் சேட்டா, ஓட்ட ஓட்டச் சரியாகும்" என்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக் கொடுத்து அனுப்பினார்கள்.

மார்ச் மாதம் ஒரு காலை. முக்கிலிருந்த சாயாக் கடையில் பத்துப் பேர் நிற்கும்போது இசக்கிதுரை, "ஏலே நல்லசிவம், உன் வண்டிக்குப் புகை சர்ட்டிபிகேட் முடிஞ்சு போச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. மூணாவது தடவை சொல்லுதேன். மாட்டினா என் பேருதான் நாறும்" என்றார்.

கோடவுனில் அன்று கங்காணியிடம் ஏச்சு வாங்கிவிட்டு வந்திருந்தான் நல்லசிவம். சாயா கிளாஸை டங்கென்று வைத்தான்.

"அண்ணாச்சி, பேருதான் உம்மது. வண்டி என்னது. தெனமும் காலையில என் வீட்டுக் காயிதத்த ஊருக்கு வாசிச்சுக் காட்டணும்னு நேர்ச்சையா உமக்கு?"

"நல்லதுக்குச் சொன்னா…"

"ஒரு நல்லதும் வேண்டாம் போஸ்ட் மாஸ்டரே. இனிமே என் வண்டிக்கு என்ன வந்தாலும் எங்கிட்டக் கொண்டாராதீரும். நீரே வச்சுப் படிச்சுக்கிடும்."

கடை சிரித்தது. சாயா ஆற்றுகிறவர்கூடச் சிரித்தார். அன்றைக்கே சந்தில் நாலு பேர் "என்ன போஸ்ட் மாஸ்டரே" என்று கூப்பிட்டுவிட்டார்கள். இசக்கிதுரைக்கு மூட்டை சுமந்து காய்த்த தோள்தான், ஆனால் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. நாமாக அவனிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்தார்.

எட்டாம் நாள் அந்த ரிஜிஸ்டர் தபால் வந்தது.

கையெழுத்துப் போட்டு வாங்கினார். வண்டிக் கம்பெனியின் முத்திரை. மேலே இங்கிலீஷ், கீழே மலையாளம். திண்டாடித்தான் படித்தார். ஆனால் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஹேண்டிலைத் திருப்பும்போது முன்பிரேக்கின் எண்ணெய் போகிற ரப்பர் ஓஸ் ஒரு இரும்புக் கிளிப்பில் உரசுகிறது, நாளாவட்டத்தில் கிழியலாம், கிழிந்தால் பிரேக் பிடிக்காது. பலபேர் புகார் செய்திருக்கிறார்கள். இந்த மாடல் வண்டிகளையெல்லாம் திரும்ப வரவழைத்து இலவசமாக ஓஸை மாற்றித் தருகிறோம், உடனே கொண்டுவரவும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். எதிர் வாசலில் நல்லசிவம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் வருவதைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பித் துணியைப் பிழிந்தான்.

அவ்வளவுதான் நடந்தது. இசக்கிதுரை வந்த வழியே திரும்பினார். வேண்டாம் என்றவனை நான் ஏன் தாங்க வேண்டும்? வந்து கேட்கட்டும். கேட்டால் கொடுக்கிறேன். கடிதம் டப்பாவுக்குள் போயிற்று. அதன்மேல் மூடி.

மறுநாள் நினைத்தார். அதற்கு மறுநாளும் நினைத்தார். பிறகு கப்பல் சரக்கு வந்தது, நாலு நாள் முதுகு நிமிரவில்லை. அதற்கப்புறம் நினைப்பு வரும்போதெல்லாம் கூடவே இன்னொன்றும் வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால்?

கடிதம் வந்த பத்தொன்பதாம் நாள் காலை, நல்ல வெயில், காய்ந்த ரோடு, கும்பளங்கி இறால் ஷெட்டுக்கு முந்தின வளைவில் ஐஸ் இறக்க நின்ற மினி லாரியின் பின்னால் வண்டி போய் மோதியது. நல்லசிவத்துக்குத் தோள் காறையெலும்பு விரிசல் விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த மாயம்மாளின் வலது கை லாரிக் கதவுக் கொக்கியில் மாட்டியது. கை போகாமல் தப்பியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் பிறகு மடங்கவே இல்லை.

இறால் உரிக்கிறவளுக்கு அந்த ரெண்டு விரல்தான் வேலை. மீதி விரலெல்லாம் சும்மா கூட நிற்பவை.

சந்து தீர்ப்பு எழுதிவிட்டது. போன் பார்த்துக்கொண்டு ஓட்டியிருப்பான் என்றார்கள். நின்ற லாரியில் போய் எவனாவது இடிப்பானா என்றார்கள். வொர்க்‌ஷாப் சுதீர் வண்டியை ஏற்றிக்கொண்டுவந்து பார்த்தான். ஓஸ் கிழிந்து எண்ணெயெல்லாம் கொட்டியிருந்தது. "இடிச்சப்போ பொட்டியதாகும்" என்றான், இடித்த வேகத்தில் கிழிந்ததாம். அதே மாடலில் அடிபட்டுக் கிடந்த வண்டி ஒன்றிலிருந்து ஓஸைக் கழற்றி மாட்டி, வளைந்த முன்சக்கர போர்க்கை நிமிர்த்தி, வண்டியைச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தினான்.

மாயம்மாள் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். சோறு போட்டாள், இடது கையால். துணி துவைத்தாள், இடது கையால். வாய் மட்டும் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லசிவம் தானாகவே வந்து இசக்கிதுரையின் படியில் உட்கார்ந்தான். தோளில் கட்டு. தாடி வளர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கடையில வச்சுப் பேசினது தப்பு. மனசுல வச்சுக்கிடாதீங்க."

"அத விடுலே."

"நான் பிரேக்கு புடிச்சேன் அண்ணாச்சி. கை நெறயப் புடிச்சேன். ஒண்ணுமே இல்ல, வெறுங்காத்து. காலு பிரேக்கையும் மிதிச்சேன், அது இழுத்துக்கிட்டே போச்சு. போலீஸ்காரனும் நம்பல, இவளும் நம்பல. ராவும் பகலும் அதையே நெனச்சு நெனச்சு இப்ப எனக்கே சந்தேகம் வந்துட்டு. ஒருவேள புடிக்கலையோ? பராக்குப் பாத்துட்டேனோ?" வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "இந்தக் கை எங்கிட்டப் பொய் சொல்லுதோன்னு இருக்கு."

இசக்கிதுரை அவனுக்குப் பின்னால் பார்த்தார். பிஸ்கட் டப்பா அலமாரியில், அவன் தலைக்கு நேர் பின்னால் இருந்தது.

"சாயா குடிக்கியா?" என்றார்.

அதற்குப் பிறகு மூட்டை தூக்கும்போது கால் இடறியது. அவனேதானே வேண்டாமென்றான், பத்துப் பேர் சாட்சி, என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டார். வாதம் சுக்கு கோடவுன் வாசல் வரை நிற்கும். வீட்டுக்கு வரும் வழியில் மாயம்மாள் குழாயடியில் இடது கையால் குடத்தை இடுப்புக்கு ஏற்றப் பாடுபடுவதைப் பார்த்தால் எல்லாம் பொடிந்துபோகும். ஒருதடவை அவர் கை கொடுக்கப் போனார். "நீங்க விடுங்க அண்ணாச்சி, நான் பழகணும்ல" என்றாள். அவருக்கு யாரோ செவிட்டில் அறைந்தது போல இருந்தது. ஊரில் இவ்வளவு பேர் இருக்க, தன்னிடம் மட்டும் அவள் அப்படித் தன்மையாகப் பேசுகிறாளே.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றும் ஒருநாள் எடுத்தார். ஓரத்தைப் பிடித்தார். எழுத்துப் படித்த பிறகு ஒரு காகிதத்தையும் அவர் கிழித்ததில்லை. திரும்ப மடித்து வைத்தார்.

ஜூன் பிறக்கும்போது நல்லசிவம் வண்டியை விற்பது என்று முடிவு செய்தான். இனிமேல் அதில் ஏறமாட்டேன் என்றான். சுதீர்தான் ஆள் பிடித்துக் கொடுத்தான். பக்கத்துச் செறளாயியில் அப்பளம் போட்டு விற்கிற வெங்கிட்டு. தலைமுறை தலைமுறையாகக் கொச்சியிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம், பேச்சில் பாதி மலையாளம். சனிக்கிழமை மத்தியானம் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாயம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுதீர் படிவத்தை வண்டி சீட்டின்மேல் விரித்தான்.

"ஆர்சி சேட்டன் பேரிலாணல்லோ. இவிட ஒரு ஒப்பு, இவிட ஒரு ஒப்பு" என்று பேனாவை இசக்கிதுரையிடம் நீட்டினான்.

பேனாவை வாங்கினார். வெங்கிட்டு சந்தோஷமாகப் பேசிக்கொண்டே இருந்தார். "கார்த்தால பொண்ணை முன்னாடி உக்காத்தி வச்சு ஸ்கூல்ல விட்டுட்டு, அப்படியே கடை கடையா அப்பளம் போட்டுண்டு வந்துடலாம். இவ்வளவு நாளா பஸ்ஸுதான், என்ன செய்ய? பிரேக்கெல்லாம் குழப்பமில்லையே சுதீரே?"

"ஏய், ஒரு குழப்பமும் இல்லா. ஞானே மாத்தியதல்லே."

இசக்கிதுரையின் பேனா காகிதத்தில் முட்டி நின்றது. 'இ' மட்டும் போட்டிருந்தார். அதன் சுழி முடியவில்லை.

"என்ன அண்ணாச்சி, பேரு மறந்துட்டா?" என்று நல்லசிவம் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"இந்த வண்டிய விக்கக் கூடாது" என்றார் இசக்கிதுரை.

"ஏன்?"

"பொம்பளப் புள்ளைய முன்னால வச்சு ஓட்டப் போறாராம்லே." பேனாவை சீட்டின்மேல் வைத்தார். "ஓஸு சரியில்ல. கம்பெனி வச்ச ஓஸே சரியில்ல. சுதீர் மாட்டினதும் அதே சாதி ஓஸுதான்."

"அதெங்ஙன சேட்டனறியும்?" என்றான் சுதீர்.

பதில் சொல்லாமல் வீட்டுக்குள் போய் டப்பாவோடு வந்தார். நடுச் சந்தில், வெயிலில் நின்று மூடியைத் திறந்தார். கடிதத்தை எடுத்து நல்லசிவத்திடம் நீட்டினார். அவன் வாங்கி, தலைகீழாகப் பிடித்து, திரும்ப அவரிடமே கொடுத்தான்.

"வாசிங்க."

எத்தனையோ வாசல்களில் எத்தனையோ காகிதம் வாசித்தவர். அன்றைக்கு வாசித்தது போல ஒருநாளும் வாசித்ததில்லை. உரசுகிறது. கிழியலாம். பிரேக் பிடிக்காமல் போகலாம். உடனே கொண்டுவரவும்.

கோபம் முதலில் வரும் என்று இசக்கிதுரை எதிர்பார்த்தார். அடியே எதிர்பார்த்தார். ஆனால் நல்லசிவம் மனைவி பக்கம் திரும்பினான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"கேட்டியா மாயம்மா? நான் புடிச்சிருக்கேன். பிரேக்க நான் புடிச்சிருக்கேன் பாத்துக்க. போனும் பாக்கல, பராக்கும் பாக்கல. புடிச்சேன்!"

சின்னப் பிள்ளை மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இசக்கிதுரைக்கு அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க முடியவில்லை. ரெண்டு மாதமாக அதை டப்பாவில் பூட்டி வைத்திருந்தது அவர்தானே.

மாயம்மாள் கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. கடிதத்தை இடது கையால் வாங்கினாள். தலைகீழாகப் பிடிக்கவில்லை. மேலே கோட்டுக்குள் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"மார்ச்சு மாசமே வந்துட்டா?"

"ஆமா தாயி."

"இவுக அன்னைக்குக் கடையில ஏசின பெறகா?"

"ஆமா. எட்டு நாள் கழிச்சு."

"இவுக ஏசினாக. சரி." அவள் குரல் ஏறவில்லை. "நான் என்ன ஏசினேன் உங்கள? பின்னால உக்காந்து போறது நாந்தான்னு தெரியும்லா?"

அவர் இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வாதத்தில் அந்தக் கேள்வி மட்டும் வந்ததே இல்லை. அவளை அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை. கோபம் நல்லசிவத்தின்மேல் இருந்தது, வண்டியில் அவன் ஒருத்தன்தான் போகிறான் என்பது போல.

அப்போதுதான் நல்லசிவத்துக்கு உறைத்தது. ஒரே எட்டில் வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு எனக்குச் சாயா வாங்கிக் குடுத்தீரே! வே, நீரெல்லாம் மனுசனா?"

சுதீர் குறுக்கே புகுந்து விலக்கினான். சட்டைப் பொத்தான் ரெண்டு தெறித்தது. வெங்கிட்டு படிவத்தை மெதுவாக மடித்து வைத்துவிட்டு, "நான் பின்னே வரேன்" என்று நழுவினார். நழுவும்போது வண்டியைத் தொட்டுவிடாமல் ஒதுங்கிப் போனார்.

திங்கட்கிழமை இசக்கிதுரை வேலைக்குப் போகவில்லை. நல்லசிவத்தின் வாசலில் நின்று, "வண்டியக் கொண்டு போய் மாத்திட்டு வாரேன்" என்றார். உள்ளேயிருந்து சாவி மட்டும் வாசலில் வந்து விழுந்தது. சுதீர் ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். வேண்டாம் என்றார். பொத்தான் இல்லாத சட்டையோடு, சாவியைப் போட்டு ஹேண்டில் பூட்டை மட்டும் திறந்துவிட்டு, தள்ளத் தொடங்கினார்.

ஷோரூம் தோப்பும்படிக்கும் அப்பால். ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளினார். மூட்டை தலையில் இருந்தால் பாரம் கழுத்து வழியாக நேரே இறங்கும். இது ஒருபக்கமாகச் சாய்ந்து இடுப்பில் இடித்தது. "பெட்ரோள் தீர்ந்நோ சேட்டா?" என்று மூன்று பேர் கேட்டார்கள். வழியில் ஒரு இடத்தில் மழை பிடித்தது, அப்படியே நனைந்துகொண்டு போனார்.

ஷோரூமில் கடிதத்தை வாங்கிப் பார்த்த பையன் கம்ப்யூட்டரில் தட்டினான். வேலை ஆரம்பித்தார்கள். அவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சுதீர் மாட்டிய ஓஸைக் கழற்றினார்கள். அதில் ஒரு இடத்தில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. முந்தின வண்டியில் இருந்தபோதே உரசித் தேய்ந்தது அது. புது ஓஸ் மாட்டி, கிளிப்பை வேறு பக்கமாக வளைத்து முடுக்கினார்கள். மணியைப் பார்த்தார். இருபத்தைந்து நிமிடம்.

மேனேஜர் கண்ணாடி அறையில் இருந்தார். விபத்தைப் பற்றி இசக்கிதுரை சொல்லச் சொல்லக் கேட்டார். "ரெண்டு தடவை இங்கேயே வந்து புகார் சொல்லியிருக்கான் சார். ஓட்ட ஓட்டச் சரியாகும்னு அனுப்பிச்சிருக்கீங்க" என்றபோது மட்டும் முகம் கொஞ்சம் மாறியது. பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"அறிவிப்பு அனுப்பியிருக்கோம், கிடைச்சிருக்கு. இது உங்க ஒப்பு அல்லே?"

திரையில் தபால் ரசீது. அதில் அவர் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் பிரிந்து, அழகாக. சந்திலேயே அவ்வளவு திருத்தமாகக் கையெழுத்துப் போடுகிறவர் வேறு யாரும் இல்லை.

"என்னதுதான்" என்றார். "ஆனா ரெண்டு தடவை சொன்னப்ப என் ஒப்பு இல்லையே சார். அதுக்கு நீங்கதானே பதில் சொல்லணும்?"

"எழுதிக் கொடுக்கணும்."

ஒரு தாள் கொடுத்தார்கள். உட்கார்ந்து தமிழிலேயே எழுதினார். வண்டி ஓட்டியவர் பெயர் நல்லசிவம் என்று எழுதினார். புகார் சொன்ன ரெண்டு முறையையும் எழுதினார். கடிதம் வந்ததையும், தான் அதைச் சொல்லாமல் வைத்திருந்ததையும் எழுதினார். அதை எழுதாமல் விட்டால் புகாருக்கு வலு என்று அவருக்கும் தெரியும். கை ஒருதடவை நின்றது. பிறகு எழுதிவிட்டு அடியில் கையெழுத்துப் போட்டார். நகல் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போதும் தள்ளிக்கொண்டுதான் வந்தார். வண்டியை அதன் இடத்தில் நிறுத்தி, சாவியையும் நகலையும் மாயம்மாளிடம் நீட்டினார். நல்லசிவம் உள்ளே படுத்திருந்தான். எழுந்து வரவில்லை. ஆனால் அவனுக்குப் பக்கத்தில் ரெண்டு சாயா கிளாஸ் இருந்தது. ஒன்று அவளுடையதாக இருக்க வேண்டும்.

மாயம்மாள் வாசலில் நின்றபடியே நகலைப் படித்தாள். மளமளவென்று படித்தாள். அவர் ஒரு வரி கூட்டுவதற்குள் அவள் அடிவரைக்கும் வந்துவிட்டாள்.

"உனக்கு வாசிக்கத் தெரியுமா தாயி?"

"எட்டாங்கிளாஸ். இங்க வந்து மலையாளமும் படிச்சேன்." நகலை மடித்தாள். "நீங்க யார்கிட்டயும் கேட்டதில்லையே."

பிறகு, "அந்த டப்பாவ எடுத்துட்டு வாங்க" என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தார். அவள் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யார் யாருடையது என்று பெயர் சொல்லிச் சொல்லிப் பிரித்து வைத்தாள். இன்றைக்கே அவரவர் வீட்டில் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். இனி வரும் தபாலுக்கு அவர் கையெழுத்துப் போடட்டும், காகிதம் இங்கே வரட்டும் என்றாள். அவர் தலையாட்டினார்.

கடைசியில் கம்பெனிக் கடிதத்தையும் நகலையும் மட்டும் டப்பாவில் வைத்து மூடினாள். நசுங்கிய மூடி அது. இடது கையால் அழுத்தினால் ஒரு பக்கம் எழும்பியது. வலது கையையும் சேர்த்து அழுத்தப் பார்த்தாள். அந்த ரெண்டு விரலும் மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றன.

இசக்கிதுரை கை நீட்டினார்.

அவள் டப்பாவை மடிக்கு இழுத்துக்கொண்டு, முழங்கையை மூடிமேல் ஊன்றி அழுத்தினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது. எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நீட்டிய கையை அவர் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அதே கையால் வண்டியின் முன்பிரேக்கை ஒருதடவை பிடித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது.